'நாம்' என்று சொன்னது யார்? – அயர்லாந்தின் கடனும் உளப்பாட்டுப் பன்மையும்

1

சென்ற ஆண்டு ஒரு தோழர் என்னிடம் ஒரு வேலை கொடுத்தார். 2008க்குப் பிறகு அயர்லாந்தில் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடி பற்றிச் சிறு வெளியீடு ஒன்று கொண்டுவருவதாகவும், அந்நாட்டு அமைச்சர்களின் பேச்சுகள் சிலவற்றைத் தமிழாக்கித் தர வேண்டும் என்றும் சொன்னார். 'நீங்க தமிழ் எம்.ஏ. தானே, ரெண்டு நாள்ல முடிச்சிடுவீங்க' என்று வேறு சேர்த்துக்கொண்டார். முடியவில்லை. முதல் பக்கத்திலேயே, மூன்றே சொற்கள் கொண்ட ஒரு வாக்கியத்தின் முதல் சொல்லிலேயே நின்றுவிட்டேன்.

2010 நவம்பரில் நிதியமைச்சர் பிரையன் லெனிஹன் அரசுத் தொலைக்காட்சியில் சொன்ன வாக்கியம் அது. நாடு திவாலாகிப் பன்னாட்டு நிதியத்திடமும் ஐரோப்பிய அமைப்புகளிடமும் கையேந்தி நின்ற வாரம். செழிப்பான காலத்தில் நாம எல்லாரும்தானே கூத்தடிச்சோம் என்கிற பொருளில் சொன்னார். அயர்லாந்தில் இன்றைக்கும் அந்த வாக்கியத்தைச் சொன்னால் ஜனங்களுக்குக் கோபம் வருகிறது. கோபம் 'கூத்து' என்பதால் மட்டும் வந்ததல்ல. அதற்கு முன்னாலுள்ள அந்தத் தன்மைப் பன்மையால் வந்தது.

இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்து, தேர்வெழுதி, மறந்தும்போன ஒரு கலைச்சொல் அப்போது நினைவுக்கு வந்தது: உளப்பாட்டுத் தன்மைப் பன்மை. பேசுகிறவன் கேட்கிறவனையும் தன்னோடு சேர்த்துக்கொண்டால் 'நாம்'. கேட்கிறவனை வெளியே நிறுத்திவிட்டுத் தன் ஆட்களை மட்டும் சேர்த்துக்கொண்டால் 'நாங்கள்'. ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு கிடையாது. ஐரிஷ் மொழியிலும் கிடையாது. அவர் சொன்ன ஒற்றைச் சொல்லுக்கு என் கையில் இரண்டு சொற்கள் இருந்தன. 'நாம்' என்று போட்டால், கேட்டுக்கொண்டிருந்த நர்சையும் பஸ் டிரைவரையும் கூத்தில் சேர்த்துவிட்ட அமைச்சருக்கு நானும் உடந்தை. 'நாங்கள்' என்று போட்டால் அது அமைச்சரவையின் ஒப்புதல் வாக்குமூலமாகிவிடும். அதை அவர் சொல்லவில்லை.

உடனே 'பார்த்தீர்களா, தமிழின் பெருமையை' என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். தமிழிலும் ஒளிந்துகொள்ள இடமிருக்கிறது. 'எல்லாரும்தான் கூத்தடிச்சோம்' என்று எழுவாயை விட்டுவிட்டால் போதும். 'ஓம்' விகுதி இரண்டுக்கும் பொது. தோன்றா எழுவாய் என்று இலக்கணம் இதற்குப் பெயரும் வைத்திருக்கிறது. நம் அமைச்சர்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

பென்வெனிஸ்த் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 'நான்' பெருகி 'நாம்' ஆவதில்லை. 'நான்' என்பதோடு 'நான் அல்லாத' ஏதோ ஒன்று சேரும்போதுதான் தன்மைப் பன்மை உருவாகிறது. அந்த 'நான் அல்லாதது' யார் என்பதை ஒவ்வொரு பேச்சும் புதிதாகத் தீர்மானிக்கிறது. ஆக, தன்மைப் பன்மை ஒரு காலிப் பாத்திரம். அதில் யாரைப் போட்டு நிரப்புவது என்று முடிவு செய்யும் இடத்தில் அதிகாரம் உட்கார்ந்திருக்கிறது. அயர்லாந்தின் நெருக்கடியைப் புள்ளிவிவரங்களாகப் படித்தவர்கள் நிறையப் பேர். நான் அதை ஒரு மாற்றுப்பெயரின் கதையாடலாகப் படித்துப் பார்க்கிறேன்.

2

முதல் காட்சியில் 'நாம்' இல்லவே இல்லை.

2008 செப்டம்பர் 29 இரவு. அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் விழுந்து இரண்டு வாரம். டப்ளினில் ஆங்கிலோ ஐரிஷ் வங்கியிடம் பணம் தீர்ந்துகொண்டிருந்தது. மனை வணிகர்களுக்கும் கட்டட முதலாளிகளுக்கும் வாரி வாரிக் கொடுத்த வங்கி அது. மற்ற இரண்டு பெரிய வங்கிகளின் தலைவர்கள் அரசாங்கக் கட்டடத்துக்கு வந்தார்கள். பிரதமர் பிரையன் கவன், நிதியமைச்சர் லெனிஹன், அதிகாரிகள் சிலர், ஆலோசகர்கள் சிலர் உள்ளே இருந்தார்கள். விடிவதற்குள் முடிவாகிவிட்டது: ஆறு நிதி நிறுவனங்களின் வைப்புகளுக்கும் அவற்றின் கடன்களில் மிகப் பெரும்பகுதிக்கும் அரசே ஜாமீன். மொத்தம் ஏறத்தாழ 440 பில்லியன் யூரோ. நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மற்ற அமைச்சர்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பித் தொலைபேசியில் சம்மதம் கேட்டார்கள். இப்படிக் கூடாமலே நடக்கும் அமைச்சரவைக் கூட்டத்துக்கு அங்கே 'உடலற்ற கூட்டம்' என்றே பெயர். இந்தச் சொல்லை நான் ஜோடிக்கவில்லை. அது அந்த நாட்டு நிர்வாக வழக்கு. உடலற்றவர்கள் எடுத்த முடிவு பிறகு யாருடைய உடல்களின்மேல் இறங்கியது என்பதுதான் மீதிக் கதை.

அந்த வங்கியின் உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்பது 2013இல் வெளியே வந்தது. அதிகாரிகளின் தொலைபேசிப் பதிவுகளை ஒரு நாளிதழ் வெளியிட்டது. அரசிடம் 7 பில்லியன் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அந்த 7 எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் சிரித்துக்கொண்டே, எதையாவது சொல்ல வேண்டியிருந்தது, சொன்னோம் என்கிற தோரணையில் கொச்சையாகப் பதில் சொல்கிறார். முதலிலேயே முழுத் தொகையைச் சொன்னால் அரசு யோசிக்கும். கொஞ்சம் பணத்தைப் போடவைத்துவிட்டால் பிறகு விட்டுவிட்டுப் போக முடியாது. இதுதான் அவர்கள் போட்ட கணக்கு. அந்த உரையாடலில் வருவது சுத்தமான 'நாங்கள்'. கேட்கிறவன், அதாவது பணம் கட்டப்போகிறவன், அதில் இல்லை. வங்கியின் தலைமை நிர்வாகியாக இருந்த டேவிட் டிரம்முக்கு 2018இல் ஆறாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. அதுவும் 7.2 பில்லியன் யூரோ வைப்பு இருப்பதாகக் கணக்கில் காட்டிய வேறொரு மோசடிக்காக.

லெனிஹன் அந்த ஜாமீனை, உலகத்திலேயே மலிவான வங்கி மீட்பு என்று 2008 அக்டோபரில் சொன்னார். கடைசியில் வங்கிகளுக்குப் போனது 64 பில்லியன் யூரோ. அதில் பாதிக்கும் மேல் ஆங்கிலோ ஐரிஷ், ஐரிஷ் நேஷன்வைடு என்ற இரண்டு நிறுவனங்களுக்கு மட்டும். இரண்டுமே பிறகு மூடப்பட்டுவிட்டன. அன்றைய மக்கள்தொகை ஏறத்தாழ 45 லட்சம். தொட்டில் குழந்தையையும் சேர்த்துத் தலைக்கு 14 ஆயிரம் யூரோ. 'நாம்' இங்கேதான் பிறக்கிறது. இலாபம் வந்த காலத்தில் 'நாங்கள்'. பில் வந்தபோது 'நாம்'.

3

இந்தப் பிறப்பைப் பிரதிகளில் படிப்படியாகப் பார்க்க முடியும்.

ஜாமீன் கொடுத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, அவசர பட்ஜெட் வந்தது. 70 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் தானாகவே கிடைத்துவந்த இலவச மருத்துவ அட்டையை நிறுத்துவதாக அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கான கிழவர்களும் கிழவிகளும் நாடாளுமன்றத்தின் முன்னால் கூடினார்கள். அரசு பாதி பின்வாங்கியது. அப்புறம் அரசு ஊழியர் சம்பளம் வெட்டப்பட்டது. 2011 தொடக்கத்தில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 8.65 யூரோவிலிருந்து 7.65 ஆகக் குறைக்கப்பட்டது. அடுத்துவந்த அரசு அதே ஆண்டு அதைத் திரும்பக் கொடுத்தது. 25 வயதுக்குக் கீழே புதிதாக வேலையில்லாப் படி கேட்பவர்களுக்கு 2014இல் வாரம் 100 யூரோதான் கிடைத்தது. முழுப் படி அப்போது 188. வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வாழ்வது என்று நம் வீடுகளில் சொல்வோம். அங்கே வயிறு ஒருவருடையது, கட்டிய கை இன்னொருவருடையது. இவ்வளவுக்கும் நடுவில் பன்னாட்டுக் கம்பெனிகளுக்கான 12.5 சதவீத வரியில் ஒரு புள்ளியும் ஏறவில்லை.

2011 பிப்ரவரித் தேர்தலில் ஃபியன்னா ஃபாயில் கட்சி 20 இடங்களுக்குச் சுருங்கியது. ஃபீனே கேலும் லேபர் கட்சியும் கூட்டணி அமைத்தன. அந்த டிசம்பரில் புதிய பிரதமர் எண்டா கென்னி தொலைக்காட்சியில் நாட்டு மக்களிடம் பேசினார். இந்த நெருக்கடிக்கு நீங்கள் பொறுப்பல்ல என்று சொன்னார். 'நீங்கள்' – முன்னிலை. முதல் தடவையாக மக்களைத் தன்மைப் பன்மையிலிருந்து விடுவித்த வாக்கியம். பல வீடுகளில் நிம்மதியாக மூச்சுவிட்டிருப்பார்கள்.

அந்த மூச்சு இரண்டு மாதம் நிலைக்கவில்லை. 2012 ஜனவரியில் டாவோஸ் நகரில், உலகத்து முதலாளிகள் கூடும் மேடையில், அதே கென்னி பேசினார். என்ன நடந்தது என்று கேட்டபோது, ஜனங்கள் கடன் வாங்குவதில் பைத்தியம் பிடித்து அலைந்தார்கள் என்றார். இப்போது மக்கள் படர்க்கை. வீட்டில் முன்னிலையாக மன்னிக்கப்பட்டவர்கள், முதலாளிகளின் முன்னால் படர்க்கையாகக் குற்றஞ்சாட்டப்படுகிறார்கள். கேட்பவர் மாறினால் இடம் மாறுகிறது. மூவிட வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எந்த இலக்கண ஆசிரியரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

கேட்பவர் யார் என்பதுதான் முக்கியம். 2010 நவம்பர் 19 அன்று ஐரோப்பிய மத்திய வங்கித் தலைவர் திரிஷே லெனிஹனுக்கு எழுதிய கடிதம் நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் வெளியிடப்பட்டது. உதவி கேட்டு விண்ணப்பியுங்கள், சிக்கன நடவடிக்கைக்கு ஒப்புக்கொள்ளுங்கள், இல்லையென்றால் உங்கள் வங்கிகளுக்குத் தரும் அவசரக் கடன் தொடராது என்பது அதன் சாரம். அதற்குச் சில நாள் முன்புவரை அமைச்சர்கள், அப்படி ஒரு பேச்சுவார்த்தையே இல்லை என்று மறுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மத்திய வங்கி ஆளுநர் பேட்ரிக் ஹோனஹன் பிராங்க்பர்ட்டிலிருந்து வானொலிக்குத் தொலைபேசியில் பேசி, ஆமாம், பெரிய கடன் வரப்போகிறது என்று சொன்னார். நாட்டு மக்களுக்குத் தங்கள் நாடு விலைபோன செய்தி காலை நேர வானொலியில் வந்தது. 85 பில்லியன் யூரோத் திட்டம். அதில் 17.5 பில்லியன் அயர்லாந்தின் சொந்தச் சேமிப்பு; எதிர்கால ஓய்வூதியங்களுக்காகச் சேர்த்துவைத்திருந்த நிதியும் அதில் அடக்கம். தங்கள் உண்டியலை உடைத்துத் தாங்களே தங்களுக்குக் கடன் கொடுத்துக்கொண்டார்கள்.

ஆக, லெனிஹன் 'நாம்' என்று சொன்னபோது கேமராவுக்குப் பின்னால் ஒரு மறைந்த 'அவர்கள்' இருந்தார்கள். இந்த நியாயத்தை அவருக்குச் செய்ய வேண்டும். அவர் அப்போது புற்றுநோயாளி. 2011 ஜூனில் இறந்துபோனார். அவரை வில்லனாக்கிவிட்டு நிம்மதியடைவது சுலபம். ஆனால் என் கேள்வி அந்த மனிதரின் குணத்தைப் பற்றியதல்ல. மேலே இருப்பவனிடம் 'முடியாது' என்று சொல்ல முடியாத ஓர் அரசு, கீழே திரும்பி 'நாம்' என்று சொல்வதைப் பற்றியது.

4

இந்த வகை எழுத்துக்கு அயர்லாந்தில் ஒரு பழைய வரலாறு உண்டு. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் செத்தார்கள். இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்து நிவாரணத்தைக் கட்டுப்படுத்தியவர் சார்லஸ் டிரெவெல்யன். பஞ்சம் முழுசாக முடிவதற்கு முன்பே, 1848இல், அதைப்பற்றி ஒரு புத்தகமும் போட்டார். பட்டினியை, ஒழுங்கற்றுப்போன ஒரு சமூகத்துக்குக் கடவுள் கொடுத்த பாடமாக அதில் வாசித்தார். அதே டிரெவெல்யன்தான் 1859இல் சென்னை மாகாணத்துக்கு ஆளுநராக வந்தார். அயர்லாந்தின் பஞ்சமும் நம்முடைய கஜானாவும் ஒரே மேஜையிலிருந்து நிர்வகிக்கப்பட்டவை. 'அங்கே நடந்ததற்கு நமக்கென்ன' என்று கேட்கிறவர்களுக்கு இது போதும்.

கொள்கை அறிக்கையின் மொழியில் கொடூரம் எப்படி நிதானமாக உட்கார்ந்திருக்கும் என்பதை அந்த மண்ணின் ஜோனதன் ஸ்விஃப்ட் 1729இலேயே காட்டிவிட்டார். ஏழைகளின் குழந்தைகளைத் தின்னக் கொடுக்கலாம் என்று அதிகாரியின் குரலில் கணக்குப்போட்டுப் பரிந்துரைக்கும் அங்கதம். அதைப் படித்துச் சிரிக்கிற நாம், உண்மையான அறிக்கைகளை மட்டும் ஏன் இவ்வளவு மரியாதையோடு படிக்கிறோம்?

2012 ஜனவரியில் நிதியமைச்சர் மைக்கேல் நூனன், வெளிநாடு போகும் இளைஞர்களெல்லாம் வேலையில்லாமல் போகவில்லை, உலகத்தைப் பார்க்கும் ஆசையில், வாழ்க்கைமுறைத் தேர்வாகப் போகிறவர்களும் இருக்கிறார்கள் என்று பேசினார். அப்போது வேலையில்லாதோர் 15 சதவீதத்தை நெருங்கியிருந்தார்கள். அந்த ஏப்ரலோடு முடிந்த ஓராண்டில் நாட்டைவிட்டுப் போனவர்கள் 80 ஆயிரத்துக்கும் மேல். டிரெவெல்யனிடம் 'கடவுள் சித்தம்'. நூனனிடம் 'தனிமனிதத் தேர்வு'. அங்கேயும் அரசு எழுவாய் இல்லை, இங்கேயும் இல்லை. தோன்றா எழுவாய்.

5

இந்த 'நாம்' என்ற புனைவை எதிர்த்து இலக்கியம் என்ன செய்தது? 2012இல் வந்த டொனல் ரயனின் 'த ஸ்பின்னிங் ஹார்ட்' நாவலைப் பார்க்கலாம். ஒரு கிராமம். அங்கே ஒரு கட்டட முதலாளி, போக்கி பர்க். நெருக்கடி வந்ததும் ஓடிப்போய்விடுகிறான். ஓடிய பிறகுதான் தெரிகிறது, தொழிலாளிகளின் பெயரில் கட்ட வேண்டிய காப்புத் தொகையை அவன் கட்டவே இல்லை. நாவலில் 21 பேர் பேசுகிறார்கள், ஆளுக்கு ஒரு அத்தியாயம், எல்லாமே 'நான்'. மேஸ்திரி பேசுகிறான். சைபீரியாவிலிருந்து பிழைக்க வந்த கூலியாள் பேசுகிறான். பாதியில் கைவிடப்பட்ட குடியிருப்பில் ஏறக்குறையத் தனியாக வாழும் ஒரு பெண் பேசுகிறாள். ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பும் பையன் பேசுகிறான். செத்துப்போன தகப்பன்கூடப் பேசுகிறான். ஓடிப்போனவன் மட்டும் பேசுவதில்லை.

அப்படிக் கைவிடப்பட்ட குடியிருப்புகள் 2,800க்கும் மேல் இருந்ததாக 2010இல் அரசே கணக்கெடுத்தது. 'பேய்க் குடியிருப்புகள்' என்று ஜனங்கள் பெயர் வைத்தார்கள். ரயனின் நாவல் அந்த வீடுகளுக்குள் போய் ஆட்களைத் தேடுகிறது. 21 'நான்'களைக் கூட்டினால் லெனிஹனின் 'நாம்' கிடைக்கவில்லை. அதுதான் அந்த நாவலின் அரசியல். இதில் உள்ளவர்கள் உத்தமர்களுமல்ல. ஒருவரையொருவர் புறம் பேசுகிறார்கள், பொறாமைப்படுகிறார்கள், சிலர் அந்தச் செழிப்பில் பங்கும் வாங்கியவர்கள். வீட்டுக் கடன் வாங்கியவர்கள் உண்டு, இரண்டாவது வீடு வாங்கியவர்களும் உண்டு. 'கூத்தடிச்சோம்' என்பதில் ஒரு துளி உண்மை இருந்ததால்தான் அது அவ்வளவு வலுவாக வேலை செய்தது. முழுப்பொய்யை ஜனங்கள் தூக்கியெறிந்துவிடுவார்கள். கால்வாசி உண்மையைக் கொண்டு முழுக் கடனையும் தலையில் கட்டும்போதுதான் அவர்களுக்கே தங்கள்மேல் சந்தேகம் வந்துவிடுகிறது. அல்துஸ்ஸர் சொல்லும் விளித்தல் இதுதான்: 'ஏய்' என்று கூப்பிட்டதும் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். ஆங்கிலோ ஐரிஷின் பத்திரதாரர்கள் மட்டும் திரும்பவில்லை. அவர்களுக்கு அது கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

6

தோழரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் எரிச்சலோடு கேட்டார்: 'அப்ப 'நாம்'னு சொல்லவே கூடாதா? அதைச் சொல்லாம எப்படிங்க இயக்கம் கட்டறது?' நியாயமான கேள்வி. இதற்கு என்னிடம் முழுப்பதில் இல்லை. அயர்லாந்தில் இருக்கும் பாதிப் பதிலைச் சொல்கிறேன்.

கார்க் மாவட்டத்தில் பாலிஹே என்றொரு சிறு கிராமம். 2011 மார்ச் முதல் ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் சிலர் கூடி, பத்திரதாரர்களின் கடனை எங்கள்மேல் சுமத்தாதே என்று ஊருக்குள் நடந்துபோனார்கள். கவனியுங்கள், 'எங்கள்' மேல். அரசு உள்ளே இழுத்த பன்மையிலிருந்து வெளியே வந்து, தங்களுக்கென்று ஒரு தனிப் பன்மையை அவர்கள் உண்டாக்கிக்கொண்டார்கள். 2014இல் குடிநீருக்குத் தனிக் கட்டணம் வந்தபோது அந்தச் சிறு நடை நாடு தழுவிய ஊர்வலங்களாகப் பெருகியது. பாதிக்கும் மேற்பட்ட வீடுகள் முதல் பில்லைக் கட்டவில்லை. 2016இல் கட்டணம் நிறுத்தப்பட்டது. 2017இல் சட்டம் போட்டு, கட்டியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிராங்க்பர்ட் வழியா எங்கள் வழியா என்று 2011இல் வாக்குக் கேட்டுவிட்டு பிராங்க்பர்ட் வழியிலேயே போன லேபர் கட்சி, 2016இல் 37 இடங்களிலிருந்து 7க்கு இறங்கியது.

ஆகவே மேலிருந்து தரப்படும் 'நாம்' வேறு, கீழே 'நாங்கள்' என்று பிரிந்து நின்று, பிறகு விரியும் 'நாம்' வேறு. இரண்டாவதற்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. 'நாங்கள்' என்பது 'வந்தேறிகள் அல்லாத நாங்கள்' என்று சுருங்கவும் முடியும். ரயனின் சைபீரியக் கூலியாள் எந்தப் பன்மையில் நிற்பான்? 2023 நவம்பரில் டப்ளின் வீதிகளில் குடியேறியவர்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்து பஸ்கள் எரிந்தபோது, இந்தக் கேள்வி வெறும் இலக்கணக் கேள்வியாக இல்லை.

கடைசியாக ஒன்று. அயர்லாந்தில் ஆப்பிள் கம்பெனி கட்டாமல் விட்ட 13 பில்லியன் யூரோ வரியை வசூலிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் 2016இல் உத்தரவிட்டது. அயர்லாந்து அரசு என்ன செய்தது? அந்தப் பணம் தனக்கு வேண்டாம் என்று மேல்முறையீடு செய்தது. 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், வாங்கித்தான் ஆக வேண்டும் என்று இறுதியாகச் சொல்லியது. வங்கிக்காரன் கடனை ஓர் இரவில் 'நம்' கடனாக்கிய அரசு, கம்பெனிக்காரன் பாக்கியை எட்டு ஆண்டுகள் 'நம்' பணமல்ல என்று வாதாடியது. நாட்டின் பொருளியல் கொள்கையை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பொருளியல் பேராசிரியரும் சொல்லிவிட முடியாது.

என் மொழிபெயர்ப்பு என்னவாயிற்று என்றால், கடைசியில் 'நாம' என்றே போட்டேன். பொய்யைப் பொய்யாகவே கொண்டுவருவதும் மொழிபெயர்ப்பாளன் கடமைதான் என்று முடிவு செய்தேன். ஒரு அடிக்குறிப்பு மட்டும் எழுத அனுமதி கேட்டேன். இடமில்லை என்றார் தோழர். அந்த அடிக்குறிப்புதான் இது. இதை முடித்துவிட்டு ஒருமுறை திரும்பப் படித்தபோது, நானும் பல இடங்களில் யாரையும் கேட்காமல் 'நாம்', 'நம்' என்று எழுதியிருப்பது தெரிந்தது. அவற்றைத் திருத்தவில்லை. யார் யாரை அதில் நான் சேர்த்துக்கொண்டேன், யாருக்கு அதில் சம்மதமில்லை என்பதை வாசிப்பவர்கள் எழுதட்டும்.